கோட்டுக்குள் ஒரு வெள்ளைத் துண்டு

என் அலமாரியில் கருநீலக் கோட்டு ஒன்று தொங்குகிறது. தைத்து இரண்டு வருஷம் ஆகிறது. போட்டது ஒரே ஒரு முறை. வீட்டுக்கு வருகிற யாராவது அதைப் பார்த்துவிட்டுக் கிண்டலாக ஏதாவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். அதைத் தைக்கக் கொடுத்திருந்த இரண்டு மாதமும் நான் அந்தக் கோட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அவள் சொல்வது உண்மைதான்.

எனக்குக் கோட்டுப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் என் வேலை. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். கணினிச் சில்லுகள் செய்கிற இடம். ஒரு தூசி விழுந்தாலும் சரக்கு கெட்டுவிடும் என்பதால் உள்ளே போகிற எல்லாரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி போட்டுக்கொள்ள வேண்டும். கண் மட்டும்தான் வெளியே தெரியும். உள்ளே என்ன சட்டை போட்டிருக்கிறோம் என்பது கடவுளுக்கும் துவைக்கிறவளுக்கும்தான் தெரியும். இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது. இருபது வருஷம் முடித்தவர்களை ஓட்டலில் விருந்து வைத்து மேடையேற்றுவார்கள், ஆண்கள் கோட்டுப் போட்டு வர வேண்டும் என்று கடிதம் வந்தபோது, மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசித்தார்கள். நான் அளவு கொடுத்துத் தைப்பது என்று முடிவு செய்தேன். ஒரே ஒருநாள் நான் உடுத்தியிருப்பதை உலகம் பார்க்கப் போகிறது என்றால் சும்மாவா?

கைப்பேசியில் கோட்டுகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதில் எனக்குப் பிடித்துப்போனது, வெளியே தெரியாத வேலைப்பாடுகள். சாதாரணக் கோட்டில் கை நுனியில் இருக்கும் பட்டன்கள் சும்மா அழகுக்குத் தைத்தவை, திறக்காது. நல்ல கோட்டில் நிஜமாகவே திறக்கும். அதில் கடைசிப் பட்டன் துளைக்கு மட்டும் வேறு நிறத்தில் நூல் போடுவார்களாம். மார்பு மடிப்பின் பின்பக்கம், பூச் செருகினால் காம்பைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன நூல் வளையம் இருக்குமாம். காலரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வேறு நிறத் துணி. வலது பக்கப் பைக்கு மேலே, எதற்கும் உதவாத இன்னொரு குட்டிப் பை. உள்ளே லைனிங் துணி மட்டும் மயில்கழுத்து நிறம். இத்தனையும் எனக்கு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

தையல்கடை சுங்கை பட்டாணி டவுனில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. தையல்காரர் கத்தோலிக்கத் தமிழர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். சுவரில் திருஇருதயப் படம், அதற்குக் கீழே எப்போதும் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு. என் தாளை வாங்கிப் பார்த்தவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் படித்து, செய்யலாம்ணே, செய்யலாம்ணே என்று தலையாட்டினார். மயில்கழுத்து நிறம் கொஞ்சம் அதிகமாகப் போய்விடும் என்று மட்டும் சொன்னார். போகட்டும் என்றேன்.

அன்றைக்கு அம்மாவும் கூட வந்திருந்தார். செர்டாங்கில் அண்ணன் வீட்டில் இருக்கிற அம்மா, கண்புரை அறுவைக்காக பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டு அப்படியே அவரைக் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். மாடிப்படி ஏறிய களைப்பில் முக்காலியில் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தையல்காரரிடம் ஏதோ பெரிய தத்துவம் போல, கோட்டின் அழகே உள்ளே இருப்பதுதான், வெளியே இருப்பதை எவனும் செய்வான் என்று அளந்துகொண்டிருந்தேன். அம்மா நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதுவும் என்னிடம் இல்லை, தையல்காரரிடம்.

"உள்ளார வச்சா வெளிய யாருக்கும் தெரியாதாப்பா?"

"தெரியாதும்மா. கழட்டி உள்பக்கம் திருப்பினாத்தான் தெரியும்" என்றார் அவர்.

அம்மா சரி என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வயதானவர்கள் பொழுது போகாமல் கேட்கும் கேள்வி என்று நானும் விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு இஷ்டமில்லை, ஆனால் அது இல்லாமல் மீதி புரியாது.

புதுத்துணி என்றால் ஓர் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்த பிறகுதான் உடுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். நான் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாள், அம்மா வாங்கித் தந்த வெள்ளைச் சட்டையின் காலர் நுனியில் மஞ்சள் வைத்திருந்தார். நான் கவனிக்கவில்லை. அங்கி மாற்றும் அறையில் புதிதாகச் சேர்ந்த பதினைந்து பேர் வரிசையாக நின்றோம். பவுடர், பொட்டு, வாசனை எண்ணெய் எதுவும் உள்ளே கூடாது என்று பரிசோதிக்கிற அம்மாள் என் காலரைப் பிடித்து இழுத்து இது என்ன தூள் என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற இன்னொரு தமிழன், அது என்னவென்று நன்றாகத் தெரிந்தவன், வீட்டில் சாமிக்கு நேர்ந்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று மலாய் மொழியில் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். கழிவறையில் காலரைக் கழுவிவிட்டு ஈரச் சட்டையோடு அன்று முழுக்க வேலை செய்தேன். மஞ்சள் கழுவினால் போகிற சாமானா? இன்னும் பெரிதாகப் பரவியது.

என்னைப் பார்த்துச் சிரித்தவனிடம் ஒரு வார்த்தை பேசத் துப்பில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என் வீரத்தைக் காட்டினேன். சட்டையைக் கழற்றி அவர் முன்னால் தரையில் வீசினேன்.

"இனிமே என் துணியில கை வைக்காத. நாலு பேர் பாக்கற எடத்துக்குப் போறவன் நான்" என்றேன்.

அம்மா சட்டையை எடுத்துக்கொண்டு போய் வெயிலில் காயப் போட்டார். அன்றிலிருந்து என் துணியில் அவர் கை வைக்கவே இல்லை. தீபாவளிக்கு எல்லார் புதுத்துணியையும் தட்டில் அடுக்கிச் சாமிப் படத்துக்கு முன் வைத்து ஒவ்வொன்றிலும் மஞ்சள் தொடுவார். என் சட்டை மட்டும் தனியாக நாற்காலியின் முதுகில் கிடக்கும். எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்தில் என் மனைவி, ஏன் இது மட்டும் தனி என்று கேட்டதற்கு, அவனுக்குப் பிடிக்காதும்மா என்று சொல்லியிருக்கிறார். இருபது வருஷமும் நான் அதை என் வெற்றியாகத்தான் நினைத்து வந்தேன். படித்தவன், தொழிற்சாலைக்காரன், சொன்னால் வீட்டில் கேட்கிறார்கள் என்று ஒரு மிதப்பு.

கோட்டை வாங்கப் போன நாளில் நான் தனியாகத்தான் போனேன். வேலை முடிந்து நேராக, காரை நிறுத்த இடம் கிடைக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கொஞ்சம் எரிச்சலோடுதான் மாடி ஏறினேன். கடையில் ஒரு மலாய்க்காரத் தம்பதி கல்யாண உடைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு என் கோட்டை எடுத்து வந்தார். அந்த மனிதர் கைதேர்ந்த வேலைக்காரர் என்பதில் சந்தேகமில்லை. கைப் பட்டன்கள் வழுக்கிக்கொண்டு திறந்தன. கடைசித் துளைக்குச் சிவப்பு நூல். மடிப்புக்குப் பின்னால் காம்பு வளையம், காலருக்கு அடியில் சாம்பல் நிறத் துணி, குட்டிப் பை, எல்லாம் என் தாளில் இருந்தபடியே இருந்தன. மலாய்க்கார மாப்பிள்ளை எழுந்து வந்து பார்த்து, தனக்கும் இப்படி வேண்டும் என்றான். எனக்குத் தலை கால் புரியவில்லை. கோட்டை உள்பக்கம் திருப்பி லைனிங்கை அவனுக்குக் காட்டினேன். அடியோரம்வரை விரலை ஓட்டிக்கொண்டு போனேன்.

இடது பக்க அடியோரத்தில், லைனிங் மடிந்து உள்ளே போகும் இடத்தில், விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மடிப்பை விரித்துப் பார்த்தேன். இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டு. நாலு பக்கமும் பொடிப்பொடியாகக் கைத்தையல். அதன் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு.

மெஷின் எண்ணெய்க் கறை என்று நினைத்தேன் என்று பிறகு மனைவியிடம் சொன்னேன். அது பொய். பார்த்த கணமே மஞ்சள் என்று தெரிந்துவிட்டது. அந்த அங்கி மாற்றும் அறை, அந்தச் சிரிப்பு, ஈரக் காலர் எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தன. அது யார் கை மஞ்சள் என்பதுதான் தெரியாது. தெரியாது என்றும் சொல்ல முடியாது, யோசிக்கவில்லை. இந்து வாடிக்கையாளர் வந்தால் இவர் இப்படி ஒரு வித்தை செய்து நல்ல பேர் வாங்குவார் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டேன். அந்த மாப்பிள்ளை வேறு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என் தாளில் இது இருந்ததா என்று தையல்காரரைக் கேட்டேன். இல்லை என்றார். கேட்காததை ஏன் வைத்தீர்கள், கறை பட்ட துணியை ஒட்டுப் போட்டுக் கொடுக்கத்தான் இரண்டு மாதமா என்று சத்தம் போட்டேன். மலாய்க்காரத் தம்பதிக்குப் புரியட்டும் என்று பாதியை மலாயிலும் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"இருக்கட்டும்ணே. யாருக்கும் தெரியாதுலா" என்றார்.

எனக்குத் தெரியும் என்றேன். எடுத்துவிடச் சொன்னேன். அவர் பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நிச்சயமாக எடுக்கவா என்று கேட்டார். எடுங்கள் என்றேன். ஒவ்வொரு தையலாக, அவசரப்படாமல் பிரித்தார். கீழே கூடை நிறைய வெட்டுத் துணி கிடந்தது. அந்த வெள்ளைத் துண்டை மட்டும் அதில் போடாமல் பட்டன் டின்னைத் திறந்து உள்ளே வைத்தார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை.

விருந்து நாள் சனிக்கிழமை. மாலை ஐந்தரைக்கெல்லாம் தயாராகி ஹாலில் நின்றேன். மனைவி தோளில் தூசி தட்டினாள், படம் எடுத்தாள், கையைத் தூக்கு, பட்டன் தெரியட்டும் என்று கிண்டல் செய்தாள். அம்மா அறுவை முடிந்து கருப்புக் கண்ணாடியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பும்போது எழுந்து வந்தார்.

"கொஞ்சம் நில்லுப்பா" என்றார்.

குனிந்து, என் கோட்டின் இடது ஓரத்தைப் பிடித்தார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அம்மா கை என் துணியில் பட்டது. பெருவிரலை உள்பக்கம் விட்டு மடிப்போடு மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். ஓரம்வரை போய் மறுபடி தொடங்கிய இடத்துக்கு வந்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது, பிரித்த தையல் துளைகள் அங்கே சொரசொரப்பாக இருந்திருக்கும். பிறகு, பக்கம் மாறிவிட்டதோ என்பதுபோல வலது ஓரத்தைப் பிடித்து அங்கேயும் தடவிப் பார்த்தார். அந்த முக்காலியும், அவர் கேட்ட அந்த ஒரே கேள்வியும், தையல்காரரின் சிவந்த முகமும், பட்டன் டின்னும் ஒன்றன் பின் ஒன்றாக எனக்கு விளங்கின.

அம்மா நிமிர்ந்தார். "நூல் ஒண்ணு தொங்குச்சு" என்றார். அவர் கையில் நூல் எதுவும் இல்லை. "நல்லாருக்குப்பா. போயிட்டு வா."

அப்போதே சொல்லியிருக்கலாம். காலைப் பிடித்திருக்கலாம். நான் மணியைப் பார்த்தேன், நேரமாகிறது என்றேன், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். விருந்தில் எல்லாரும் கோட்டைப் புகழ்ந்தார்கள். கைப் பட்டனைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்து காட்டினேன். மேடையில் நிற்கும்போது கை தானாகப் போய் இடது ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. விருது வாங்குகிற படத்தில்கூட அந்தக் கை அங்கேதான் இருக்கிறது. அந்தப் படத்தை நான் சட்டம் போடவில்லை.

அடுத்த வாரம் தையல்கடைக்குப் போனேன். தையல்காரர் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு இனி எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, எல்லாவற்றையும் சொன்னார். அறுவை நடந்து பத்து நாளில், நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அம்மா கருப்புக் கண்ணாடியோடு பாக்கார் ஆராங்கிலிருந்து தனியாகப் பஸ் பிடித்து வந்திருக்கிறார். அந்த மாடிப்படியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார். வெள்ளைத் துணியைக் கையோடு கொண்டுவந்து, இதை உள்ளே யாருக்கும் தெரியாத இடத்தில் தைத்துக் கொடுங்கள், அதில்தான் மஞ்சள் வைப்பேன், கோட்டுத் துணியில் ஒரு பொட்டுக்கூடப் படாது என்று கேட்டிருக்கிறார். மஞ்சள் ஊறி வெளியே வருமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். வராது, அடியில் இரண்டு மடிப்பு வைத்துத் தைக்கிறேன் என்று இவர் சொன்ன பிறகுதான் நம்பியிருக்கிறார். தைத்து முடிக்கும்வரை முக்காலியில் காத்திருந்து, கொண்டுவந்த மஞ்சள் சிமிழைத் திறந்து, விரல் நுனியால் ஒரே ஒரு பொட்டு வைத்திருக்கிறார். பிறகு ஈரம் காய வாயால் ஊதினாராம்.

"அவனுக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா கழட்டிடுவான்னு சொன்னாங்கண்ணே. நான் மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன்" என்றார்.

அம்மாவுக்கு என்னை எவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கிறது. நான் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னிடம் எதற்கு என்பதுபோலக் கையை ஆட்டினார். பட்டன் டின்னிலிருந்து துண்டை எடுத்து, பழைய துளைகளிலேயே ஊசி விட்டு, அதே இடத்தில் தைத்துக் கொடுத்தார்.

அதற்குள் அம்மா செர்டாங்குக்குத் திரும்பியிருந்தார். கோட்டைப் பின்சீட்டில் மாட்டிக்கொண்டு அங்கே போனேன். அம்மா டீ கலக்கிக் கொடுத்தார். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது, எதிர்வீட்டுக் காலண்டரில் தேதிகூடத் தெரிகிறது என்றார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காரிலிருந்து கோட்டை எடுத்து வர எனக்குக் கால் வரவில்லை. எடுத்துக் காட்டினால் பிரித்ததையும் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இருந்தும் வாயால் சொல்ல வெட்கம் விடவில்லை. கோட்டு போன மாதிரியே திரும்பி வந்தது.

போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். காலையில் அம்மா தட்டில் துணிகளை அடுக்கினார். என் சட்டை வழக்கம்போல நாற்காலியில் கிடந்தது. நானே போய் அதை எடுத்து, எல்லார் துணிக்கும் மேலே தட்டில் வைத்தேன். என் சட்டைக்கும் வைக்கச் சொன்னேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் தரையைப் பார்த்தேன்.

சிமிழைத் திறந்து மஞ்சளைக் குழைத்தார். என் சட்டையை எடுத்தார். மற்றச் சட்டைகளுக்குக் காலரில் வைத்தவர், என்னுடையதை மட்டும் உள்பக்கமாகத் திருப்பினார். பேன்ட்டுக்குள் மறைந்துபோகும் அடியோரத்தைத் தேடி, இடது பக்கம், கடுகளவு ஒரு பொட்டு வைத்தார். வைத்துவிட்டு வெளிப்பக்கம் ஊறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"காலர்லயே வையிம்மா" என்றேன்.

"வேணாம்பா" என்றார். "நாலு பேர் பாக்கற எடத்துக்குப் போறவன் நீ."

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்காகக் கவலைப்பட்டுத்தான் சொன்னார். பிறகு சட்டையைப் பழையபடி திருப்பி, மடிப்பு நீவி, என் கையில் கொடுத்தார்.